கிராம்பார்

பிப்ரவரி 3

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? அவளுக்கு இருமல் நின்றதா? போனில் கேட்டால் "ம், நின்னுடுச்சும்மா" என்கிறாள், அடுத்த நொடியே இருமுகிறாள். நாம் பேசி வைத்தபடி போன் அவளுக்கு, கடிதம் நமக்கு. போனில் நாம் இருவரும் பேசினால் பாதி நேரம் "ம்", மீதி நேரம் சண்டை. எழுதினால் உறையை ஒட்டுவதற்குள் கோபம் கொஞ்சம் ஆறிவிடும்.

அறை இரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்த நாற்காலி. லேப் நடந்து போகிற தூரம்தான். பெரிய ஹால், மூலையில் கோழி வேகவைக்க ஒரு அடுப்பு. இங்கே எல்லோருக்கும் ஒரே கவலை: மருந்துப்பொடி கலக்காமல், செடிகொடிகளில் இருக்கிற சத்தைக் கொண்டே சாப்பாட்டில் கிருமி வராமல் தடுக்க முடியுமா என்பது. ஒருவர் மாதுளைத் தோலோடு மல்லுக்கட்டுகிறார், ஒருவர் தேயிலையோடு. பக்கத்து மேஜைக்காரர் கிராம்பு எண்ணெய்.

எனக்கு இன்னும் தனி வேலை எதுவும் தரவில்லை. கண்ணாடித் தட்டுகளைக் கழுவுகிறேன், தட்டில் முளைத்த கிருமிப் புள்ளிகளை எண்ணிக் கொடுக்கிறேன். நம் கம்பெனியில் செய்ததுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பாப்பாவுக்குத் தலை வாரும்போது இழுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


பிப்ரவரி 16

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். பாப்பாவின் இருமல் போய்விட்டது, எனக்கு வந்துவிட்டது. நம் வீட்டில் எதுவும் வீணாவதில்லை. நீ அங்கே வெந்நீர் குடிக்கிறாயா?

உனக்குத் தனி வேலை தரவில்லை என்று படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு தூரம் கூப்பிட்டுத் தட்டு கழுவ வைக்கிறார்களே என்றுதான். போகட்டும், ஒரு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அடுத்த ஜனவரியில் பெட்டியைக் கட்டிவிடு.

செக்‌ஷனில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. "ரெண்டு பேரும்தானே சார் அந்த லேப் வேலைக்கு எழுதிப் போட்டீங்க, மேடத்துக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" நான் "வீட்ல ஒருத்தர் இருக்கணுமே, நான்தான் விட்டுக்கொடுத்தேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே கவரில் போட்டு ஒட்டியவன் நான். திறந்தவர் மேலே இருந்ததை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

அது யார், கிராம்பு எண்ணெய்க்காரர்? நான் அவருக்குக் கிராம்பார் என்று பெயர் வைத்துவிட்டேன். பல்வலிக்குக் கிராம்பு வைப்பது ஊருக்கே தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஹால், ஒரு மேஜை, ஒரு சம்பளம்!

உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்


மார்ச் 5

என்னங்க,

இங்கே நான் சௌக்கியம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? சட்டைப் பையில் மாத்திரையை வைத்துக்கொண்டு, போட்டதாகக் கணக்குச் சொல்லாதீர்கள்.

கிராம்பார் என்ற பெயர் நன்றாக இருக்கிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி அவர் வேலை அவ்வளவு லேசு இல்லை. தட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சுற்றிலும் வட்டமாக ஒரு இடம் காலியாகிவிடும், எந்தக் கிருமியும் உள்ளே வராது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கோழித் துண்டில் அதே சொட்டு பலிக்கவில்லை. கோழியின் கொழுப்பு எண்ணெயை எல்லாம் குடித்துவிடுகிறது, கிருமிக்கு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. கிருமி சாகிற அளவுக்கு ஊற்றினால் மனுஷர் சாப்பிட முடியாது. ருசி பார்க்க கேன்டீன் சமையல்காரம்மா வருவார். ஒரு துண்டை வாயில் போட்டதும், "இது கோழியா, இல்ல பல் டாக்டர் வீடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கிராம்பார் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

ஆனால் மனசைத் தளரவிடவும் இல்லை. இப்போது கற்பூரவல்லி எண்ணெயையும் சேர்த்துப் பார்க்கிறார். தனித்தனியாகப் போடுவதைவிட இரண்டும் சேர்ந்தால் இரண்டிலும் குறைவாகப் போதுமாம். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு எளிமையான யோசனை! அவர் அதைச் சொன்னபோது ஹாலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாப்பாவிடம் நான் தினமும் அவளை நினைப்பதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 14

அன்புள்ளவளுக்கு,

சுகம். சுகமே விரும்புகிறேன். இருமல் நின்றுவிட்டது, நீ கேட்டு எழுதியதற்காகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி, பாப்பாவைப் பற்றி ஒரு வரி, மற்றதெல்லாம் கிராம்பார். அவர் பேசவில்லை, அவர் தளரவில்லை, அவர் சொன்னபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் திரும்பிப் பார்த்தாயா? நான் குவாலிட்டி செக்‌ஷனில் எத்தனையோ யோசனை சொல்லியிருக்கிறேன். ஒருவரும் திரும்பியதில்லை. நீ பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாய், நீயும் திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

உன் கடிதத்தைப் படித்த ஜோரில் நானும் கடையில் கிராம்பு எண்ணெய் வாங்கி வந்து ஆம்லெட்டில் ஒரு சொட்டு விட்டேன். பாப்பா வாயில் வைத்ததும் துப்பிவிட்டு, "அப்பா, முட்டைக்கும் பல்லு வலிக்குதா?" என்று கேட்டாள். உங்கள் கிராம்பாருக்கு நல்ல வார்த்தை சொல்ல நம் வீட்டில் யாரும் இல்லை.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: அவருக்கு என்ன வயது? குடும்பம் உண்டா? சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவீர்களா, அல்லது மேஜை மேஜையாகவா?

இப்படிக்கு,
உன் கணவன்


ஏப்ரல் 2

என்னங்க,

நலம். அங்கேயும் நலமே இருக்கட்டும். கேட்டதற்குப் பதில்: கிராம்பாருக்கு வழுக்கைத் தலை, கொஞ்சம் தொப்பை, இரண்டு பிள்ளைகள். சாப்பிடும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருப்பார். போதுமா? நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

ஒரு பெரிய சேதி. கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த கோழித் துண்டுகளைச் சின்ன டப்பாக்களில் போட்டு, மேலே துளையிட்ட தாளை ஒட்டி, குளிரில் வைத்திருந்தார். ஒரு டப்பாவில் எண்ணெய்க் கலவை தாராளமாக, ஒன்றில் பாதி, ஒன்றில் ஒரே ஒரு சின்னச் சொட்டு. தாராளமாக விட்டது நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சின்னச் சொட்டு டப்பா இருக்கிறதே, அதுவும் அதே அளவு சுத்தமாக இருந்தது! சமையல்காரம்மா சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இதுல என்ன போட்டீங்க? ஒண்ணும் தெரியலையே" என்றார். அது போதும். அவ்வளவு குறைவாகப் போட்டால் ருசியும் மாறாது, கோழியும் கெடாது.

கிராம்பு மேஜைக்கு என்று இருப்பது ஒரே ஃபிரிட்ஜ். எல்லா டப்பாவும் அதில்தான். கதவைத் திறந்தால் மூக்கில் அறைகிறது. அதில் வைத்த பாலில் டீ போட்டால் டீயும் கிராம்பு. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை, எல்லோரும் சந்தோஷமாகக் குடிக்கிறோம்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஏப்ரல் 8

அன்புள்ளவளுக்கு,

நலம், நலமறிய ஆவல். பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அதைப் பார்க்க நீ இருக்க வேண்டும்.

கிராம்பாருக்கு என் வாழ்த்து. தலையில் முடி இல்லாவிட்டாலும் உள்ளே சரக்கு இருக்கிறது போலிருக்கிறது. ஆனால் கை நடுங்கியது உனக்கு. அவருடைய சோதனை பலித்ததற்கு உன் கை ஏன் நடுங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன். திரும்பி நடந்து வந்தேன். வெயில்.

எண்ணெயே விடாமல் சும்மா ஒரு டப்பா வைத்திருப்பாரே, அது என்னவாயிற்று? நீ எழுதவில்லை. அவசரமில்லை, மெதுவாக எழுது.

நம் கம்பெனிக் குளிரறையில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வெண்ணெய்ப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? மேனேஜர் அந்த வெண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டுக் குதித்த குதி! ஒன்றுமில்லை, சும்மா நினைவுக்கு வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஏப்ரல் 27

என்னங்க,

சுகம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். இங்கே மூச்சு விட நேரமில்லை. வெண்ணெய்க் கதையைப் படித்துச் சிரித்தேன்.

சும்மா வைத்த டப்பா கெட்டுத்தான் போயிற்று, ஆனால் எப்போதும் கெடுவதைவிட ரொம்ப மெதுவாக. கோழி நல்ல கோழி, வந்த அன்றே வேகவைத்தது, அதனால்தான் என்று பேசிக்கொண்டோம்.

ஜூன் மாதம் ஒரு பெரிய உணவு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இந்த வேலை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீளும். கிராம்பாருக்கு உதவியாக என்னையும் இருக்கச் சொல்வார்கள் போலிருக்கிறது. இன்னும் எதுவும் முடிவாகவில்லை. நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், நிஜமாகச் சொல்லுங்கள்: அப்படி ஒன்று வந்தால் உங்களுக்குச் சம்மதமா?

முந்தாநாள் பிரிவுத் தலைவர் அம்மா எல்லோர் முன்னாலும், "இந்த வருஷம் இந்த ஹால்ல நடந்த நல்ல காரியம் இதுதான்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிராம்பாருக்கும்தான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மே 6

பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உணவுத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்ப்பவன். தங்கள் பிரிவில் ஒருவர் கிராம்பு, கற்பூரவல்லி எண்ணெய்களைக் கொண்டு செய்துவரும் கோழித் துண்டுச் சோதனையில் அடிப்படையான தவறு ஒன்று இருப்பதாக அறிந்து இதை எழுதுகிறேன். நிறுவனத்தார் வந்து பார்ப்பதற்குள் தங்களுக்குத் தெரிவது நல்லது.

இந்த எண்ணெய்கள் காற்றில் பரவக் கூடியவை. தாராளமாக எண்ணெய் விட்ட டப்பாவையும், சின்னச் சொட்டு விட்ட டப்பாவையும், எதுவுமே விடாத டப்பாவையும் துளையிட்ட தாள் ஒட்டி ஒரே ஃபிரிட்ஜில் மூடி வைத்தால், தாராளமாக விட்ட டப்பாவிலிருந்து கிளம்புகிற ஆவி எல்லா டப்பாவுக்குள்ளும் போகும். சின்னச் சொட்டு தானாக எதையும் காப்பாற்றவில்லை. அடுத்த வீட்டுச் சமையலில் அது வயிறு வளர்த்திருக்கிறது. எதுவும் விடாத டப்பாகூட மெதுவாகக் கெட்டதே, அப்போதாவது அந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டும். "நல்ல கோழி" என்று சொல்லித் தப்பிப்பது ஆராய்ச்சி ஆகாது. இப்படிப்பட்டவரை நம்பி வேலையை இரண்டு வருஷம் நீட்டுவதற்கு முன் யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் மனைவி தங்கள் பிரிவில் உதவியாளராக இருக்கிறார். அவருக்கும் இந்தத் தவறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் எழுதியதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தரச் சோதனையாளர்


மே 19

ஐயா,

வணக்கம். தங்கள் கடிதத்துக்கு நன்றி. தாங்கள் குடும்பத்துடன் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் சுட்டிக்காட்டியது சரி. நாங்கள் எல்லோரும் பார்த்திருக்க வேண்டியது, ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பில் முதல் பங்கு என்னுடையது. சோதனையை நிறுத்தி, நிறுவனத்தாரின் ஜூன் மாத வருகையையும் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாக்க வேண்டியிருக்கிறது. தாங்கள் "அந்த மனிதர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிரிவில் கிராம்பில் வேலை செய்யும் ஆண் யாரும் இல்லை. தங்கள் மனைவி உதவியாளரும் இல்லை. முதல் நாளிலிருந்து இந்த வேலை முழுக்க அவருடையதுதான், யோசனை உட்பட. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய வேலையைப் பற்றிய கடிதத்தை அவரிடம் மறைப்பது எனக்கு முறையாகப் படவில்லை. கையில் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு ஃபிரிட்ஜிலிருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்து வெளியே வைத்தார்.

அன்புடன்,
பிரிவுத் தலைவர்


மே 23

அன்புள்ளவளுக்கு,

நலமா? இங்கே நாங்கள் நலம். பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. கணக்கில் நன்றாக எழுதியிருக்கிறாளாம். நேற்று மழை பெய்தது, துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டேன்.

உன் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. நீ எழுது.

உன் கணவன்


ஜூன் 20

அன்புள்ளவளுக்கு,

நீ சுகமாக இருப்பதாகப் பாப்பா சொல்கிறாள். அவளிடம் போனில் சிரித்துப் பேசுகிறாய். நான் சமையலறையில் பாத்திரம் கழுவுவது போல நின்று கேட்கிறேன். பாத்திரமெல்லாம் எப்போதோ கழுவியாகிவிட்டது. கடிதம் மட்டும் வரவில்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்காத மாதிரி சைக்கிளை மிதிக்கிறார்.

நான் எழுதியது தப்பு என்று சொல்லமாட்டேன். டப்பா விஷயத்தில் நான் சொன்னது சரி. அதை உனக்கு எழுதாமல் அந்த அம்மாவுக்கு எழுதினேனே, அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்த ஆளை நம்பி நீ அங்கேயே தங்கிவிடுவாயோ என்று பயந்தேன். அவன் மேஜையைக் காலி செய்துவிட்டால் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமல் வருகிறது.

கிராம்பார் என்று ஒரு ஆளே இல்லை என்று படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வழுக்கையையும் தொப்பையையும் நினைத்து. பாப்பாகூட எட்டிப் பார்த்தாள். இனி எனக்கு என்ன குறை, நிம்மதியாக இருக்கலாம் என்று டீ போட்டேன். அந்த டீ ஆறுகிற வரைகூட நிம்மதி நிற்கவில்லை. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு எண்ணெயைச் சேர்த்துப் பார்த்தது நீ. ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது உன்னை. நல்ல காரியம் என்று அந்த அம்மா சொன்னது உன்னை. கவரைத் திறந்தவர் இரண்டையும் படித்துத்தான் உன்னை எடுத்திருக்கிறார்.

எனக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் அவன் ஒருவன் நிஜமாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. என் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கிற ஒருவன். அவனை வெறுத்துவிட்டு உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பேன். உன்னை வெறுத்துவிட்டு நான் யாரைக் கூப்பிடுவது?

இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். தபாலிலும் போடப் போகிறேன்.

உன் கணவன்


ஜூலை 18

என்னங்க,

நான் சுகம். நீங்கள் இளைத்துவிட்டதாகப் பாப்பா சொன்னாள். அவளுக்கு முன்பல் முளைக்க ஆரம்பித்துவிட்டதாமே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலையும் இருந்தது. தலைவர் அம்மா உங்கள் கடிதத்தைக் கொடுத்ததும் கையெழுத்தைப் பார்த்தேன். "அந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டும்" என்ற இடம் வந்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு அழுகை மட்டும். அதற்கு அப்புறம் மாதுளைக்காரரிடமும் தேயிலைக்காரரிடமும் கெஞ்சி அவர்கள் ஃபிரிட்ஜில் இடம் வாங்கி, ஒவ்வொரு டப்பாவையும் தனித்தனியாக வைத்தேன். நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. சின்னச் சொட்டு டப்பா எடுத்த எடுப்பில் வழவழத்துப்போய்விட்டது. எண்ணெயே விடாத டப்பாவோடு சேர்ந்து அதுவும் நாறியது.

இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை. அப்புறம் ஒன்று தோன்றியது. சின்னச் சொட்டுக்குப் பலம் இல்லை என்றால், முதல் தடவை அதைக் காப்பாற்றியது எது? பக்கத்து டப்பாவின் வாசம். அப்படியானால் கோழிமேல் எண்ணெய் எதற்கு? டப்பா மூடியின் உள்பக்கம் ஒரு சின்ன அட்டை ஒட்டி, அதில் மட்டும் எண்ணெயை ஊற வைத்தேன். கோழியில் படவே இல்லை. கோழி கெடவில்லை. மூடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, சூடாக்கிக் கொடுத்தால் சமையல்காரம்மா இரண்டாவது துண்டு கேட்கிறார். நிறுவனத்தார் போன வாரம் வந்து பார்த்தார்கள். இன்னும் பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது என்றார்கள், இரண்டு வருஷத்துக்கு நீட்டித்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. ஏப்ரலில் கேட்டேன், நீங்கள் அதற்குப் பதிலைத் தலைவர் அம்மாவுக்கு எழுதிவிட்டீர்கள்.

இதைப் பற்றி எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் உங்கள் பெயரையும் போட வேண்டும் என்று தலைவர் அம்மா சொன்னார். நான் முடியாது என்றேன். "சரியாத்தானே சொல்லியிருக்காரு?" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னீர்கள். அதை எனக்குச் சொல்லியிருந்தால் என் பெயருக்கு முன்னால் உங்கள் பெயரை நானே எழுதியிருப்பேன்.

அவன் நிஜமாக இருந்திருந்தால் தேவலை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதனால்தான் அவரை உண்டாக்கினேன். என்னைத் தேர்ந்தெடுத்த கடிதம் வந்த அன்று நீங்கள் "நல்லது" என்று சொல்லிவிட்டு, குழாய் ஒழுகுகிறது என்று எழுந்து போனீர்கள். அந்தக் குழாய் ஒழுகவே இல்லை. இன்னொரு ஆள்மேல் பொறாமைப்படுகிற புருஷனோடு காலம் தள்ளிவிடலாம், அதில் பெண்டாட்டிமேல் ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். பெண்டாட்டிமேலேயே பொறாமைப்பட்டால் எதை நினைத்துக்கொள்வது? வழுக்கையும் தொப்பையும் எழுதிய அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நீங்கள் "என்ன வயது, சேர்ந்து சாப்பிடுவீர்களா" என்று கேட்ட கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு கேள்வியை நீங்கள் என்னைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஆகஸ்ட் விடுமுறையில் பாப்பாவைக் கூட்டி வாருங்கள். ஒரு நாற்காலிதான் இருக்கிறது, கட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டு மூவரும் படுக்கலாம். என் வீட்டுக்காரராக வந்தால் அதுதான் இடம். தரச் சோதனையாளராக வருவதானால் விருந்தினர் விடுதியில் அறை உண்டு, முன்கூட்டியே விண்ணப்பம் அனுப்பிவிடுங்கள். எங்கள் பகுதிக்கு வருகிற விண்ணப்பங்களை இப்போது நான்தான் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி